பாஞ்சாலங்குறிச்சி - மணப்பாடு கார் பேக்கேஜ்: 6,500 ரூபாய் போச்சு, யாரும் மாட்டிராதீங்க

முந்தாநாள் நடந்தது, ஆத்திரம் இன்னும் அடங்கல. டாக்ஸி புக் பண்ற ஒரு ஆப்புல கிடைச்ச ஒருநாள் பேக்கேஜ். காலையில நெல்லை ஜங்ஷன், அப்புறம் பாஞ்சாலங்குறிச்சி, திருச்செந்தூர், சாயங்காலம் மணப்பாடு. மொத்தம் 7,000 ரூபாய்.

மாட்டுன இடம், புக் பண்ணின பத்தாவது நிமிஷம் வண்டி ஏஜெண்ட்கிட்ட இருந்து வந்த போன். "அண்ணாச்சி, ஆப்புக்காரனுக்கு எதுக்குக் கமிஷன்? அதைக் கேன்சல் பண்ணிட்டு எனக்கு நேரா ஜிபே போடுங்க, 500 குறைச்சுக்கிடுதேன். நானும் பாளையங்கோட்டைக்காரன்தான்." ஊர்ப்பேச்சைக் கேட்டதும் சந்தேகமே வரல. 6,500 ரூபாயும் ஒரே தடவையில போயாச்சு. கேன்சல் பட்டனை அமுக்கினதோட ஆப்புல நம்ம பயணத்துக்கு ஒரு சாட்சியும் கிடையாது. அவங்களுக்கு வேண்டியதே அதுதான்.

போட்டோவுல மஞ்சள் போர்டு, வந்து நின்னது வெள்ளை போர்டு. சொந்த வண்டியை வாடகைக்கு ஓட்ட பெர்மிட் கிடையாது, விபத்துன்னா இன்சூரன்ஸ்காரன் கையை விரிச்சிருவான். ஏறியிருக்கவே கூடாது.

பாஞ்சாலங்குறிச்சியில பேக்கேஜோட வந்த கைடு சுவரைத் தட்டிக்காட்டி, "கட்டபொம்மன் கட்டினது"ங்கான். அந்தக் கோட்டையை 1799-ல கும்பினிக்காரன் இடிச்சான். கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரை திரும்ப எழுப்பினதையும் 1801-ல தரைமட்டமாக்கிட்டான். இப்ப நிக்கிறது 1974-ல அரசாங்கம் கட்டினது. பழைய அடித்தளம் பக்கத்துலதான் கிடக்கு, அங்க கூட்டிட்டே போகல.

திருச்செந்தூர் வந்ததும் டிரைவர் கிலோமீட்டர் கணக்கை எடுத்தான். பேக்கேஜ் 150 கிலோமீட்டர்தானாம், நெல்லைக்குத் திரும்புறதையும் சேர்த்தா இப்பவே தாண்டிருமாம், மணப்பாட்டுக்கு இன்னும் 2,000 வேணுமாம். இந்தச் சுற்று எப்படிப் போனாலும் 200 கிலோமீட்டர் கிட்ட வந்துரும். 150-னு போட்டவன் தெரிஞ்சேதான் போட்டிருக்கான். தரமாட்டோம்னதும் பஸ் ஸ்டாண்டுல இறக்கிவிட்டுட்டுப் போயிட்டான். மணப்பாட்டுல மணல்குன்று மேல 1581-ல கட்டின திருச்சிலுவை ஆலயம், கீழ கடல், ஒரு பக்கம் கழிமுகம். அதைப் பாக்கத்தான் இந்த 6,500 ரூபாய் கொடுத்தது!

ஆப்புல கேட்டா, "நீங்களே கேன்சல் பண்ணிருக்கீங்க சார், எங்க ரெக்கார்டுல பயணமே இல்ல." ரெண்டாவது புகாரை 'தீர்க்கப்பட்டது'ன்னு மூடிட்டாங்க. பேங்க்ல, "நீங்கதானே பின் போட்டு அனுப்பினீங்க?" ஏஜெண்ட் முதல்ல "முதலாளிட்ட கேக்கேன்"னான், அப்புறம் "டிரைவர்ட்ட பேசுங்க", அப்புறம் "சாப்பிட்டுட்டுக் கூப்பிடுதேன்". இன்னும் சாப்பிட்டுக்கிட்டே இருக்கான் போல.

என்ன செய்யணும்னு விவரமா எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன், ஓடமாட்டேங்குது. ஆப்புல புக் பண்ணினா ஆப்புலயே கட்டுங்க. கிலோமீட்டர், டோல், டிரைவர் பேட்டா மூணையும் எழுத்துல வாங்குங்க, வண்டி கிளம்புற ஷெட்டுல இருந்தே கிலோமீட்டர் கணக்கான்னும் கேளுங்க. ரீஃபண்டு தாரேன், பின் போடுங்கன்னா போடாதீங்க, பின் போட்டா காசு போகும், வராது. ஏமாந்தா அன்னைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன், சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் உதவி எண் 1915. யூபிஐ-யோட 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்க.

திருச்செந்தூர்ல இருந்து மணப்பாடு 18 கிலோமீட்டர்தான். பஸ்ஸே போகுது.