காரைக்குடிப் பக்கம் ஒரு முதியோர் இல்லம்: டயப்பர் கட்டிவிட்டால் போதுமா?

சிங்கப்பூரிலிருந்து இந்த முறை ஊருக்குப் போனதே அப்பத்தா இருக்கும் முதியோர் இல்லத்தை நிதானமாகப் பார்த்துவிட்டு வரத்தான். காரைக்குடிக்குப் பக்கம், பெயர் வேண்டாம். பழைய செட்டிநாட்டு வீட்டை இல்லமாக மாற்றியிருக்கிறார்கள். சாப்பாடு நன்றாக இருக்கிறது, இடம் சுத்தம், வேலை பார்க்கும் பெண்கள் "ஆச்சி, ஆச்சி" என்று வாய் நிறையக் கூப்பிடுகிறார்கள். எனக்கு வருத்தமெல்லாம் சிறுநீர் விஷயத்தில்தான்.

இங்கே சேர்த்தபோது அப்பத்தா தானே எழுந்து ஒண்ணுக்குப் போய்விட்டு வருவார். இப்போது பகலிலும் டயப்பர். ஏன் என்று கேட்டால், "வயசானா அப்படித்தாங்க, அடக்க முடியாது" என்றார் சிஸ்டர். அவர் மேல் கோபமே வரவில்லை, யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. வயதானவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம் வரும்தான், ஆனால் வயது மட்டுமே காரணம் என்று விட்டுவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், கட்டுக்கு அடங்காத சர்க்கரை, கால் வீக்கத்துக்குக் கொடுக்கும் நீர் மாத்திரை என்று சரிசெய்யக்கூடிய காரணம் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

அப்பத்தா விஷயத்தில் காரணம் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. கட்டில் வளவை, அதாவது வீட்டின் நடு முற்றத்தை, ஒட்டிய அறையில், கழிப்பறையோ பின்கட்டில். முட்டிவலியோடு, வாக்கரைத் தள்ளிக்கொண்டு, ஈரம் பட்டால் வழுக்கும் ஆத்தங்குடிக் கல்லில் அவ்வளவு தூரம் போவதற்குள் யாருக்குத்தான் தாங்கும்? கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கமோடு நாற்காலி போட்டாலே பாதித் தொல்லை தீரும். அப்புறம், அவராகக் கூப்பிடட்டும் என்று காத்திருக்காமல் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை "ஆச்சி, பாத்ரூம் போவோமா?" என்று கேட்டு அழைத்துப் போக வேண்டும். முதியோர் இல்லங்களில் பலன் தருவதாக ஆய்வுகளில் தெரிந்த முறை இது, செலவும் இல்லை, ஆள்தான் வேண்டும். எந்த நேரத்தில் போகிறார், எப்போது நனைகிறது என்று மூன்று நாள் ஒரு நோட்டில் குறித்தால் அவருடைய நேரம் பிடிபட்டுவிடும்.

தண்ணீர் விஷயம்தான் என்னை ரொம்பச் சங்கடப்படுத்தியது. நனைத்துவிடுவார் என்று சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரே கொடுப்பதில்லையாம், அதுவும் இந்த வெயிலில்! தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகி எரிச்சல் வரும், மலமும் இறுகும், இரண்டுமே தொல்லையைக் கூட்டும். படுப்பதற்கு முன் இரண்டு மணி நேரம் குறைத்தால் போதும். தொடை இடுக்கில் வேறு தோல் சிவந்திருந்தது, அதன் மேல் பவுடரைக் கொட்டியிருந்தார்கள், அது ஈரத்தில் கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. கழுவி, தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஜிங்க் ஆக்சைடு கிரீம் மெல்லிசாகத் தடவலாம் என்று சொன்னதும் சிஸ்டர் உடனே கேட்டுக்கொண்டார். "எங்களுக்கு இதெல்லாம் யாருங்க சொல்றாங்க" என்றார்.

அந்தக் கேள்விதான் எனக்கும். கிண்டியில் 2024இல் தேசிய முதியோர் நல மையம் திறந்தது நல்லது, ஆனால் காரைக்குடியிலிருந்து அது ஏறக்குறைய 400 கிலோமீட்டர். பயிற்சி இங்கே, இந்தப் பெண்களிடம் வர வேண்டும்.

பொறுப்பாளரிடம் பேசினேன். கமோடு நாற்காலி நான் வாங்கித் தருவதாகவும், நீர் மாத்திரையின் நேரத்தை டாக்டரிடம் கேட்பதாகவும் முடிவானது. இரவில் மொத்த வீட்டுக்கும் ஒரே ஆள், அதை உடனே மாற்ற முடியாது என்றார். சரி, இரவுக்கு டயப்பர் இருக்கட்டும், பகலில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.