நீதிபோதனை பீரியடா, குடவோலையா?

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு வாரம் ஒரு நீதிபோதனை பீரியடு இருந்தது. நான்கு வருடம் நான்தான் எடுத்தேன். அதற்கப்புறம் அதை நிறுத்திவிட்டு, வகுப்பின் அன்றாட வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையே பிள்ளைகளிடம் கொடுத்து, அந்த பீரியடை அவர்களுடைய வாராந்திரக் கூட்டமாக மாற்றினோம். இப்போது ஒன்றரை வருடம் ஆகிறது. பக்கத்து ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் "எது சார் நல்லது?" என்று கேட்டார். போனில் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். நான் எந்தப் பக்கம் என்பதை மறைக்கப்போவதில்லை, கூட்டத்தின் பக்கம்தான்.

ஜே.ஆர்.சி. (ஜூனியர் ரெட் கிராஸ்), சாரணர், பசுமைப்படை எதையும் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. நல்ல அமைப்புகள்தான், ஆனால் ஐம்பது பேரில் பத்துப் பேர் சேர்வார்கள், அந்தப் பத்துப் பேரும் பெரும்பாலும் ஏற்கெனவே சொன்னதைக் கேட்கிற பிள்ளைகள். எனக்கு மீதி நாற்பது பேர்தான் கவலை.

பீரியடுக்கு உள்ள நன்மைகளைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். நடத்துவது சுலபம், டைம்டேபிளில் தெரியும், அதிகாரி வந்தால் காட்டலாம். 2016-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, ஆறு முதல் பன்னிரண்டு வரை அறத்துப்பாலையும் பொருட்பாலையும் கற்பிக்கச் சொன்ன பிறகு குறளுக்கும் பாடத்தில் கூடுதல் இடம் வந்தது. மனப்பாடம் வீண் என்று சொல்லமாட்டேன். ஒரு தடவை இரண்டு பையன்கள் கெட்ட வார்த்தையில் சண்டை போட, கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன் "டேய், நாகாக்க!" என்று கத்த, சண்டைக்காரர்களே சிரித்துவிட்டார்கள். அந்தச் சொல் பீரியடில் கிடைத்ததுதான்.

சரி, பிரச்சினை எங்கே? பராமரிப்பில். அந்த பீரியடின் ஆயுள் பெரும்பாலும் ஜூலையிலிருந்து டிசம்பர் வரை. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் ஒன்பதாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்பு போர்ஷனைத் தொட ஆரம்பிப்போம், கணக்கு ஆசிரியர் ஸ்டாஃப் ரூமில் டீ குடித்துக்கொண்டே "சார், அந்த ஒரு பீரியடு குடுங்களேன்" என்பார், கொடுத்துவிடுவேன். அவரை மட்டும் சொல்வானேன், குடிமையியல் போர்ஷனை முடிக்க நானே அதை எடுத்திருக்கிறேன். நான்கு வருடத்தில் ஒரு வருடம்கூட அது பிப்ரவரியைத் தாண்டியதில்லை. பரீட்சை வந்தால் நேர்மை ஓரமாக நிற்கலாம் என்பதைத்தான் வருடா வருடம் நடத்திக் காட்டியிருக்கிறோம், பிள்ளைகளுக்கு இது புரியாமலா இருக்கும்?

கூட்டத்தை அப்படிப் பிடுங்க முடியவில்லை. காரணம் ரொம்பச் சாதாரணம்: ஜனவரி ஆனாலும் தண்ணீர்க் குடம் நிரம்ப வேண்டும், சத்துணவு வரிசை நிற்க வேண்டும், நூலகப் புத்தகம் திரும்பி வர வேண்டும். இந்த வேலைகளுக்கு ஆளுக்கு ஒருவர் பொறுப்பு, வெள்ளிக்கிழமை இருபது நிமிடம் கணக்கு கேட்பார்கள். போன ஜனவரியில் கணக்கு ஆசிரியர் வழக்கம்போல பீரியடை வாங்கிக்கொண்டார். அந்த வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு எட்டிப் பார்த்தேன், வேப்பமரத்தடியில் நோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் சொல்லவில்லை. தண்ணீர்ப் பொறுப்பாளன் இரண்டு நாள் குடம் நிரப்பாததால் விசாரணை!

ஆரம்பம் இவ்வளவு அழகாக இல்லை. முதலில் பொறுப்பாளர்களுக்குத் தேர்தல் வைத்தேன். எங்கள் ஊரில் தெருப் பெயரைச் சொன்னாலே சாதி தெரிந்துவிடும். ஓட்டு அப்படியே தெரு தெருவாக விழுந்தது, போதாததற்கு ஒரு வேட்பாளர் கடலை மிட்டாய் வேறு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனைச் சாதி வெறியில் கூடப் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டியதற்குப் பின், தென்மாவட்ட ஆசிரியர் யாரும் இதைப் பிள்ளை விளையாட்டு என்று விட்டுவிட முடியாது. அதை ஒட்டி அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை சாதியைக் காட்டக் கையில் கட்டும் கலர் கயிறுக்குத் தடை, அகர வரிசையில் இருக்கை என்றெல்லாம் பரிந்துரைத்தது. நான் ஓட்டுப் போடுவதை நிறுத்திவிட்டு, பெயர்ச் சீட்டைக் குடத்தில் போட்டு எடுக்கும் குடவோலைக்குப் போனேன்.

பாடப் புத்தகத்தில் இருப்பதுதான். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர் கல்வெட்டு: முப்பது குடும்பு (ஊரின் வார்டுகள்), பெயர் எழுதிய ஓலை, குடம், எடுத்துக் கொடுக்க விவரம் அறியாத ஒரு சிறுவன். எங்களுக்குக் குடம் சத்துணவுக் கூடத்திலிருந்து வந்தது, சிறுவன் ஆறாம் வகுப்பிலிருந்து. ஒரு மாதப் பொறுப்பு. கணக்குக் காட்டாதவர் பெயர் மறுபடி குடத்தில் விழாது, இதுவும் கல்வெட்டில் உள்ள விதிதான்.

தகுதிகளை வாசித்துக் காட்டியபோது, வரி கட்டுகிற கால் வேலி நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும் என்ற இடத்தில் ஒரு பெண் கை தூக்கினாள். "அப்போ எங்க தாத்தாவுக்குத் தாத்தா பேரு குடத்துல விழுந்திருக்காதுல்ல சார்?" விழுந்திருக்காதும்மா என்றேன். "எங்க பாட்டி பேரு?" என்று இன்னொருத்தி. அதுவும் விழுந்திருக்காது. அன்றைக்கு நோட்டில் முதல் விதியாக அவர்களே எழுதியது: "எல்லார் பேரும் போடணும்." நான்கு வருட நீதிபோதனையில் இப்படி ஒரு பத்து நிமிடம் எனக்குக் கிடைத்ததில்லை.

குறைகளும் உண்டு. சீட்டு சில சமயம் படு சோம்பேறி கையில் விழும், அந்த மாதம் வகுப்பு குப்பைதான். ஆசிரியர் நடுவில் புகாமல் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும், எனக்கு அது இன்னும் சரியாக வரவில்லை. பத்தாம் வகுப்பில் நான் செய்து பார்த்ததில்லை. எங்களுடையது உதவி பெறும் பள்ளி, எனக்கு மாறுதல் கிடையாது. அரசுப் பள்ளியில் கவுன்சலிங்கில் ஆசிரியர் வேறு ஊருக்குப் போய்விட்டால் இது நிற்குமா என்று உறுதி சொல்ல மாட்டேன். பள்ளி கேட்டுக்கு வெளியே என்ன மாறியது என்பதிலும் பெருமை பேச ஒன்றுமில்லை, வகுப்பில் கழற்றிய கயிறு பஸ் ஸ்டாண்டில் மறுபடி கையில் ஏறுவதைப் பார்த்திருக்கிறேன்.

செய்து பார்ப்பதென்றால் எட்டாம் வகுப்பில் ஆரம்பியுங்கள், ஜூன் முதல் வாரத்திலேயே. குறளை விட வேண்டாம், தமிழ் ஐயா எப்படியும் நடத்துவார். வாங்க வேண்டியது ஒரு எண்பது பக்க நோட்டு மட்டும். எங்கள் நோட்டில் போன வாரப் பக்கம் இப்படி இருக்கிறது: "பழைய பேப்பர் போட்டது 140. பிளாஸ்டிக் குழாய் 45. மீதி 95. குழாய் மாட்டியாச்சு, ஆனா ஒழுகுது. மாட்டியவனே திங்கள்கிழமை சரி பண்ணணும்."