விலகியவரின் டேட்டாவை முறையாக அழிப்பது: மாட்டிக் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

எங்கள் நியூஸ்லெட்டர் வேலை முழுக்கச் சில வருடங்களாக மாட்டிக் (Mautic) என்ற மார்க்கெட்டிங் மென்பொருளில்தான் ஓடுகிறது. ஓப்பன் சோர்ஸ் என்பதால் சொந்த சர்வரில் வைத்துக்கொள்ளலாம். டேட்டா எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் தயங்காமல் பதில் சொல்ல முடிகிறது. மெயில் எடிட்டர், செக்மென்ட், கேம்பெய்ன் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். 'இனி எனக்கு அனுப்பாதீர்கள்' என்று விலகிப்போனவர்களின் விவரங்களை என்ன செய்வது என்பதைப் பற்றித்தான் பேச்சே இல்லை. என்னைக் கேட்டால், ஒரு மார்க்கெட்டிங் மென்பொருளை எடை போட வேண்டிய இடம் அதுதான்.

விலகியவரை அப்படியே டெலீட் செய்துவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். முடியாது. மாட்டிக்கில் ஒருவர் அன்சப்ஸ்க்ரைப் கொடுத்ததும் 'தொடர்புகொள்ள வேண்டாம்' டேபிளில் அவருக்கு ஒரு வரி சேரும். காரணத்துக்கும் எண் உண்டு: தானே விலகினால் 1, மெயில் பவுன்ஸ் ஆனால் (போய்ச் சேராமல் திரும்பினால்) 2, நாம் கையால் நிறுத்தினால் 3. இந்த வரி அந்த காண்டாக்ட்டோடு, அதாவது மாட்டிக்கில் அவருக்கு இருக்கும் பதிவோடு, பிணைக்கப்பட்டது. காண்டாக்ட்டை டெலீட் செய்தால் கூடவே அதுவும் போய்விடும். அடுத்த மாதம் யாரோ ஒருவர் பழைய எக்செல் ஷீட்டை இம்போர்ட் செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே முகவரி எந்தத் தடையும் இல்லாத புது காண்டாக்ட்டாக உள்ளே வரும், அடுத்த கேம்பெய்னில் மெயிலும் போகும். வேண்டாம் என்று ஒருமுறை சொன்னவருக்கு, அவர் விவரங்களை அழித்த காரணத்தாலேயே மறுபடி மெயில் போகிறது! இதைவிட அவமரியாதை வேறு இல்லை.

ஆகவே, நிறுத்துவது வேறு, அழிப்பது வேறு. 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பிய ஜிடிபிஆர் என்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. நேரடி விளம்பரத்துக்கு ஒருவர் மறுப்பு சொன்னால் நிறுத்தியாக வேண்டும் என்கிறது 21-வது பிரிவு. விவரங்களை அழிக்கக் கேட்கும் உரிமை 17-வது பிரிவில் வருகிறது. அப்படி ஒருவர் கேட்டால் பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். வெறும் அன்சப்ஸ்க்ரைப் கிளிக்கை அழிப்புக் கோரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதற்காக விலகியவரின் பெயர், போன் நம்பர், எந்த லிங்கைத் திறந்தார் என்ற வரலாறு எல்லாவற்றையும் காலவரையின்றி வைத்திருக்கவும் முடியாது. தேவை முடிந்த பிறகு வைத்திருக்கக்கூடாது என்பதும் அதே சட்டம்தான். நிறுத்துவதற்கான கெடுவோ இன்னும் குறுகியது. விளம்பர மெயில்களுக்கான அமெரிக்காவின் கேன்-ஸ்பாம் சட்டம் 10 வேலை நாள் தருகிறது. மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்கள் 2 நாளுக்குள் நிறுத்த வேண்டும் என்று ஜிமெயிலும் யாஹூவும் 2024-இல் விதியே கொண்டுவந்துவிட்டன.

நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு இது. காண்டாக்ட்டை அழிப்பதற்கு முன் அந்த மெயில் முகவரியின் ஹேஷை (முகவரியிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் குறியீடு, அதிலிருந்து முகவரியை நேரடியாகத் திரும்பப் பெற முடியாது) மட்டும் தனி டேபிளில் எழுதிவிடுவோம். அதுதான் எங்கள் தடைப்பட்டியல். அதோடு தேதி, காரண எண், அவ்வளவுதான். பெயர்கூடக் கிடையாது. சாதாரண ஹேஷ் போதாது. மெயில் முகவரிகளை ஊகித்து ஒவ்வொன்றாக ஹேஷ் செய்து பார்த்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். அதனால் டேட்டாபேஸுக்கு வெளியே வைத்த ரகசியக் கீ சேர்த்த ஹேஷ். அப்படியும் சட்டத்தின் கண்ணில் அது தனிநபர் விவரம்தான். எனவே எங்கள் தனியுரிமை அறிவிப்பில் 'மீண்டும் அனுப்பாமல் இருப்பதற்காக இதை வைத்திருக்கிறோம்' என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறோம்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் மொத்த ஏற்பாடும் இதில்தான் நிற்கிறது. ஹேஷ் போடும் முன் முகவரியைச் சிறிய எழுத்துக்கு மாற்றி, முன்னும் பின்னும் உள்ள வெற்றிடத்தை வெட்ட வேண்டும். எக்செல்லில் காப்பி செய்த முகவரிகளின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கொண்டு வருவது சகஜம். அந்த ஒரு ஸ்பேஸ் போதும், ஹேஷ் முற்றிலும் வேறாகிவிடும், தடைப்பட்டியலும் பொருந்தாது. இம்போர்ட் ஃபைல் எதுவானாலும் இந்தத் தடைப்பட்டியல் சல்லடையைத் தாண்டித்தான் உள்ளே போகும். ஒருவர் தானாகவே மறுபடி சேர்ந்து மெயிலில் உறுதியும் செய்தால் அது புதிய சம்மதம். அப்போது ஹேஷை எடுத்துவிடுவோம்.

அடுத்து, மிச்சங்கள். ஒரு டெஸ்ட் முகவரியைச் சேர்த்து, மெயில் அனுப்பி, திறந்து பார்த்து, பிறகு டெலீட் செய்து, டேட்டாபேஸை நேரடியாகத் துழாவிப் பாருங்கள். எல்லோரையும் இதைச் செய்யச் சொல்வேன். நான் பயன்படுத்தும் பதிப்பில் காண்டாக்ட் டேபிளில் ஆளைக் காணோம். மெயில் அனுப்பிய புள்ளிவிவர டேபிளில் காண்டாக்ட்டின் ஐடி எண் காலியாகியிருக்கிறது. பக்கத்துக் கட்டத்தில் மெயில் முகவரி முழுசாக உட்கார்ந்திருக்கிறது. ஆடிட் லாகிலும் பழைய திருத்தங்களின் தடம் இருக்கிறது. பழைய அறிக்கைகளின் கணக்கு குலையாமலிருக்கச் செய்த ஏற்பாடு இது, காரணம் புரிகிறது. ஆனால் 'உங்கள் விவரங்களை அழித்துவிட்டோம்' என்று பதில் எழுதும் முன் இந்த இரண்டு இடத்தையும் நாமே துடைக்க வேண்டும். எங்களிடம் அதற்கென்று ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது. எண்ணிக்கையை விட்டுவிட்டு முகவரியை மட்டும் அழிக்கும்.

மாட்டிக்கில் எனக்கு மிகவும் பிடித்தது க்ளீனப் கமாண்ட். சாதாரணமாக ஓட்டினால் பெயர் தெரியாத பழைய பார்வையாளர்களை நீக்கும். ஜிடிபிஆர் ஆப்ஷன் சேர்த்தால் மூன்று வருடமாக அசைவே இல்லாத காண்டாக்ட்களையும் நீக்கும். ட்ரை ரன் கொடுத்தால் எத்தனை போகும் என்று முன்கூட்டியே காட்டும். அதைப் பார்க்காமல் நிஜமாக ஓட்டாதீர்கள். ஹேஷ் எழுதும் வேலை முடிந்த பிறகே இது ஓட வேண்டும் என்ற வரிசையும் முக்கியம்.

இதையெல்லாம் கையால் செய்ய ஆள் இல்லாதவர்களுக்கு மெயில்சிம்ப் போன்ற சேவைகள் சுலபம். அங்கே ஆர்க்கைவ், நிரந்தர டெலீட் என்று இரண்டு வழி உண்டு. நிரந்தரமாக அழித்த முகவரியை நாம் இம்போர்ட் செய்து திரும்பக் கொண்டுவர முடியாது, அவரே சேர்ந்தால்தான் உண்டு. நாங்கள் ஸ்கிரிப்ட் எழுதிச் சாதித்ததை அங்கே தயாராகவே வைத்திருக்கிறார்கள்.

எந்த மென்பொருளானாலும் சிஆர்எம் (வாடிக்கையாளர் விவரங்களை நிர்வகிக்கும் மென்பொருள்) இணைப்பைக் கவனியுங்கள். இருபக்க சிங்க் இருந்தால், இங்கே அழித்த காண்டாக்ட்டை அது அங்கிருந்து மறுபடி உருவாக்கிவிடக்கூடும். அதனால் முதலில் சிஆர்எம், பிறகு மாட்டிக். டவுன்லோட் ஃபோல்டரில் கிடக்கும் சிஎஸ்வி எக்ஸ்போர்ட்களையும் மறக்க வேண்டாம்.

பேக்கப் விஷயத்தில் முழுத் தீர்வு என்னிடம் இல்லை. பழைய பேக்கப்புக்குள் புகுந்து ஒருவரை மட்டும் நீக்குவது நடைமுறையில் ஆகிற காரியமில்லை. பேக்கப்புகளைக் குறுகிய காலமே வைத்துக்கொள்கிறோம். அழித்த காண்டாக்ட்களின் ஐடி எண்களையும் ஹேஷ் டேபிளையும் மெயின் டேட்டாபேஸுக்கு வெளியே தனியாகச் சேமிக்கிறோம். எப்போதாவது ரீஸ்டோர் செய்ய நேர்ந்தால், மெயில் அனுப்பும் கிரானை (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) மறுபடி இயக்குவதற்கு முன் அந்தப் பட்டியலை வைத்து அழிப்பு ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டிவிட வேண்டும்.