ரிப்போர்ட்டை வேர்ட் ஃபைலாகக் கேட்டால் உஷார்

அமெரிக்கப் பெருஞ்சமவெளியில் தொல்லியல் சர்வே கம்பெனி நடத்துகிறேன். நான், ஒரு பங்குதாரர், சீசனுக்கு மட்டும் வரும் சில பேர், ஒரு பிக்கப் வண்டி, அவ்வளவுதான். மத்திய அரசின் அனுமதியோ பணமோ சம்பந்தப்பட்ட வேலை என்றால், தோண்டுவதற்கு முன் அங்கே பழைய தடயம் உண்டா என்று பார்த்தாக வேண்டும். 1966ஆம் ஆண்டுத் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின் 106ஆவது பிரிவு அது. எங்களுக்குச் சோறு போடுவதும் அதுதான். தொல்லியல் படித்துவிட்டு இங்கே சொந்தமாக இறங்க நினைக்கும் நம்மவர்களுக்காக எழுதுகிறேன்.

வட டகோட்டாவில், மெக்கென்சி கவுன்டியில் ஒரு எண்ணெய்க் குழாய்ப் பாதை. எண்ணெய்க் கம்பெனியிடம் வேலை எடுத்த பெரிய கன்சல்டன்சி ஒன்று, சர்வேயை எங்களிடம் கொடுத்தது. பெயர் வேண்டாம் என்கிறார் வக்கீல்.

"நிலக்காரர்களிடம் அனுமதி வாங்கியாச்சு" என்று மெயில் போட்டார்கள். போனால் பண்ணைக்காரர் கேட்டிலேயே மறித்தார். யாரும் அவரிடம் கேட்கவே இல்லையாம். அவர் கோபம் நியாயம்தான். ஆட்களுக்குச் சம்பளம், மோட்டல், டீசல் எல்லாம் என் கையிலிருந்து போனது. காத்திருக்கும் நாளுக்குக் கட்டணம் உண்டு என்று ஒப்பந்தத்திலேயே இருந்தும், "அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அனுமதி கிடைத்த பிறகு, 30 மீட்டர் இடைவெளியில் வரிசையாக நடந்ததில் கல்வட்டங்கள் கிடைத்தன. நம்மூர் ஈமச்சின்னம் மாதிரி இல்லை; டீப்பி எனும் பூர்வகுடிகளின் கூம்புக் கூடாரத்தின் ஓரம் காற்றில் கிளம்பாமலிருக்க வைத்த கற்கள். பாதி மண்ணுக்குள் கிடக்கும், சாய்வெயிலில்தான் கண்ணுக்குப் படும். பக்கத்திலேயே தேன் நிறத்தில் நைஃப் ரிவர் ஃபிளின்ட் சில்லுகள்; அந்தக் காலத்தில் கருவி செய்த கல் அது. சோதனைக் குழி போட்டு மதிப்பிடும் வரை குழாய் விலகிப் போகட்டும் என்று எழுதினோம்.

"ஃபார்மட் சரி பண்ண வேண்டும், வேர்ட் ஃபைல் அனுப்புங்க" என்றார்கள். அனுப்பினோம். மாநிலத் தொன்மைப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து போன் வந்தது: "உங்க தளப் படிவம் (கண்டெடுத்த இடத்தைப் பற்றிய பதிவு) ஒன்று சொல்கிறது, ரிப்போர்ட் வேறு சொல்கிறதே?" பாதுகாக்கத் தக்க வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் சேர்க்கத் தகுதியில்லாத இடம் என்று கன்சல்டன்சிக்காரர்கள் மாற்றியிருக்கிறார்கள். கீழே என் பெயர். சர்வே அனுமதியும் என் பெயரில்தான். தளப் படிவங்களை நாங்களே நேரடியாகப் பதிந்திருந்ததால்தான் குட்டு உடைந்தது.

மீதிப் பணத்தைக் கேட்டால், "எங்களுக்கு வந்தால்தான் உங்களுக்கு" என்ற ஷரத்தைக் காட்டினார்கள். எண்ணெய்க் கம்பெனியில் விசாரித்தால், அவர்கள் எப்போதோ கொடுத்துவிட்டார்கள். அப்புறம் கன்சல்டன்சியிலிருந்து ஒரு சமாதானத் தூது: அந்தத் திருத்தத்தை ஒப்புக்கொண்டால் செக் ரெடியாம்! முடியாது என்றேன். சரியான ரிப்போர்ட்டை நானே அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். பாக்கி இன்னும் வரவில்லை.

இப்போதெல்லாம் பூட்டிய பிடிஎஃப் மட்டும்தான் தருகிறேன், அதே நாளில் மாநில அலுவலகத்துக்கும் ஒரு பிரதி போய்விடும். நிலக்காரர் கையெழுத்தை என் கண்ணால் பார்க்காமல் வண்டியை எடுப்பதில்லை. பணத்துக்கு, யார் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், கடைசித் தேதி ஒன்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

அதே ஆட்கள் இப்போது மொன்டானா பக்கம் சர்வேக்கு ஆள் தேடுகிறார்கள். பெரிய பைப்லைன் வேலை என்று யாராவது கூப்பிட்டால், கையெழுத்துப் போடுவதற்கு முன் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். பெயரைத் தனியாகச் சொல்கிறேன்.