மாடிப்படி விளக்கில் ஸ்மார்ட் ரிலே: எல்லாம் சரி, நியூட்ரல் எங்கே?

எங்கள் மாடிப்படி விளக்குக்கு, கைப்பேசிச் செயலி வழியாகவும் விளக்கைப் போட்டு அணைக்க உதவும் ஸ்மார்ட் ரிலே என்ற சிறு கருவியைப் பொருத்தியிருந்தோம். அது பழுதாகி, புதியது மாற்றிய செய்தியைக் கேட்ட நண்பர் ஒருவர், தம் வீட்டிலும் கீழே ஒன்று, மேலே ஒன்று என இரண்டு சுவிட்சுகளில் இயங்கும் விளக்கு இருக்கிறது, அதற்கும் இதைப் போடலாமா, எந்த நிறுவனத்துடையதை வாங்கலாம் என்று கேட்டிருந்தார். நிறுவனம் எது என்பது பிறகு. முதலில் மெயினை அணைத்துவிட்டு, இரண்டு சுவிட்ச் பெட்டிகளையும் திறந்து, உள்ளே நியூட்ரல் வயர் (மின்னோட்டம் திரும்பிச் செல்லும் வயர்) வந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். செயலியின் அழகு, குரல் கட்டளை, நேர அட்டவணை ஆகியவை எல்லா நிறுவனங்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு கோடைகளைக் கடந்த பிறகும் எனக்குத் தீராத எரிச்சல் அந்த ஒரு கறுப்பு வயரால்தான்.

நம் வீடுகளில் ஒரே விளக்கை இரண்டு சுவிட்சுகளில் இயக்கும் டூ வே வயரிங் பெரும்பாலும் எப்படிச் செல்கிறது என்பதைச் சொன்னால்தான் இது விளங்கும். மின்சாரத்தைக் கொண்டுவரும் ஃபேஸ் வயர் கீழ் சுவிட்சின் நடு முனைக்கு வருகிறது. அங்கிருந்து இரண்டு வயர்கள் பைப் வழியாக மேல் சுவிட்சுக்குப் போகின்றன. மேல் சுவிட்சின் நடு முனையிலிருந்து ஒரு வயர் விளக்குக்குப் போகிறது. நியூட்ரலோ சுவிட்ச் பக்கமே வராமல், ஜங்ஷன் பாக்ஸிலிருந்து நேராக விளக்கின் ஹோல்டருக்குச் சென்றுவிடுகிறது. சாதாரண சுவிட்சுக்கு அது தேவையே இல்லை என்பதால் எந்த எலக்ட்ரீசியனையும் குறை சொல்ல முடியாது. ஆனால் ரிலே, விளக்கு அணைந்திருக்கும்போதும் வைஃபையுடன் பேசிக்கொண்டிருக்க வேண்டிய சாதனம். அதற்கு ஃபேஸும் நியூட்ரலும் எந்நேரமும் வேண்டும். எங்கள் கீழ் போர்டில் ஐந்து முனை சாக்கெட் இருப்பதால் இரண்டும் இருக்கின்றன. விளக்குக்குப் போகும் வயர் தொடங்கும் மேல் பெட்டியிலோ மூன்றே வயர்கள். மூன்றும் சுவிட்ச் வயர்கள்.

இந்நிலையில், பெட்டியின் மேல் 'எந்தச் சுவிட்சுக்குப் பதிலாகவும் பொருத்தலாம்' என்று அச்சிட்டு விற்பதைப் படிக்கும்போது கோபம் வராமல் இருப்பதில்லை. உள்ளே இருக்கும் வரைபடத்தில் எல்லாப் பெட்டியிலும் நியூட்ரல் தயாராகக் காத்திருக்கிறது. அமெரிக்காவில் 2011ஆம் ஆண்டின் தேசிய மின் நெறிமுறைப் பதிப்பு, சில விலக்குகள் நீங்கலாக, விளக்குச் சுவிட்ச் பெட்டிகளில் நியூட்ரல் இருக்க வேண்டும் என்று விதித்தது. அங்கே புதிய வீடு கட்டுபவருக்கு அந்த வரைபடம் பொருந்தும். இங்கே கட்டப்பட்ட வீட்டின் மாடிப்படிக்குப் பொருந்தாது.

நியூட்ரல் தேவையில்லாத தொடுசுவிட்சுகளும் இருக்கின்றன என்று கடைக்காரர் சொன்னதன் பேரில், முதலில் அத்தகைய ஒன்றைத்தான் பொருத்திப் பார்த்தோம். அது தனக்கு வேண்டிய சிறு மின்னோட்டத்தை விளக்கின் வழியாகவே கசியவிட்டுப் பிழைக்கிறது. பழைய குண்டு பல்புக்கு அந்தக் கசிவு ஒரு பொருட்டே இல்லை. 9 வாட் எல்இடி பல்பு அதிலேயே மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. படிக்கட்டு இருளில் அணைந்த விளக்கு வெளிர் மஞ்சளாகத் தெரிவதைப் பார்த்துவிட்டு, வயரில் கோளாறு என்று அம்மா பயந்துவிட்டார்கள். உடன் வந்த சிறு கெப்பாசிட்டரை ஹோல்டரில் இணைத்ததும் ஒளிர்வு நின்றது. ஆனால் அந்தச் சுவிட்ச் தனியாக மட்டுமே வேலை செய்யும், இன்னொரு சுவிட்சோடு சேராது. கீழ்ச் சுவிட்சைச் செயலற்றதாக்கி, அதற்குப் பதில் பேட்டரியில் ஓடும் பொத்தான் ஒன்றைச் சுவரில் ஒட்ட வேண்டும் என்பது நிபந்தனை. வீட்டுக்கு வருபவர் யாரும் கையை வைப்பது சுவிட்சில்தான், ஒட்டிய பொத்தானில் அல்ல. அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்து வந்தது சுவிட்சுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் ரிலே. "பக்கத்து ரூம் போர்டுல ஃபேஸும் நியூட்ரலும் இருக்கு சார், அதுலருந்தே எடுத்துக்கலாம்" என்றார் எலக்ட்ரீசியன். மேல் பெட்டியில் ரிலேயை வைத்து, அப்படியே செய்தும் கொடுத்தார். விளக்கைப் போட்டதும் வீடே இருண்டது. எங்கள் வீட்டில் கீழ்த்தளத்துக்கும் மாடிக்கும் தனித்தனி ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம். மாடியின் ஃபேஸில் புறப்பட்ட மின்னோட்டம், விளக்கின் பழைய நியூட்ரல் வழியாகக் கீழ்த்தளச் சர்க்யூட்டுக்குத் திரும்பியது. ஆர்சிசிபி வாசலில் நின்று போனவரையும் திரும்பியவரையும் எண்ணும் காவலாளி. 30 மில்லி ஆம்பியர் கணக்கு இடித்தால் கதவைச் சாத்திவிடும். 230 வோல்ட்டில் ஒரு 9 வாட் பல்பே சுமார் 40 மில்லி ஆம்பியருக்குக் குறையாமல் எடுக்கும் என்பதால், ஒற்றை விளக்கு போதும். ஆர்சிசிபி இல்லாத வீட்டில் இதே இணைப்பு சத்தமில்லாமல் வேலை செய்திருக்கும், அதுதான் ஆபத்து: மாடியின் எம்சிபி என்ற பாதுகாப்பு சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு அந்தப் பெட்டியில் கை வைப்பவர், கீழ்ச் சுவிட்சிலிருந்து வரும் வயரில் இன்னும் மின்சாரம் இருக்கும் என்று நினைக்கமாட்டார். மும்முனை இணைப்புள்ள வீடுகளில் இரு தளங்களும் வெவ்வேறு ஃபேஸில் இருந்தால், அதே சின்னப் பெட்டிக்குள் சுமார் 400 வோல்ட் வேறுபாடு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கடைசியில் செய்தது ஒன்றே: பைப்புக்குள் வயர் இழுக்கும் ஸ்பிரிங்கை விட்டு, கீழ் பெட்டியிலிருந்து அதே சர்க்யூட்டின் ஃபேஸையும் நியூட்ரலையும் மேல் பெட்டிக்கு இழுத்தோம். பைப்பில் இரண்டு வளைவுகள்; ஏற்கெனவே இருந்த வயர்களோடு புதியவை உரசி நகர மறுத்ததில் ஒரு முற்பகல் போயிற்று. இரண்டு சுவிட்சுகளையும் காலிங் பெல்லுக்குப் போடும் பொத்தான் வகையாக மாற்றி, ரிலேயைக் கீழேயே வைத்திருந்தால் ஒரு வயர் இழுத்தாலே போதும். செலவைப் பார்ப்பவருக்கு அது நல்ல வழி. நான் பழைய சுவிட்சுகளை விட்டுக்கொடுக்க விரும்பவில்லை. ஃபேஸை உணரும் உள்ளீடு கொண்ட ரிலே என்பதால், மேல் சுவிட்சின் நடு முனை இப்போது விளக்குக்குப் போகாமல் ரிலேயின் உள்ளீட்டுக்குப் போகிறது. எந்தச் சுவிட்சைத் தட்டினாலும் நிலை மாறுகிறது, ரிலேயும் அதற்கேற்ப விளக்கைப் போடுகிறது அல்லது அணைக்கிறது.

இந்த அமைப்பின் உண்மையான அருமை ரிலே செத்தபோதுதான் தெரிந்தது. கோடை மழை இரவொன்றில் மின்சாரம் பலமுறை போய் வந்ததில் அது அடங்கிவிட்டது. உத்தரவாதக் காலமும் முடிந்திருந்தது. மெயினை அணைத்து, ரிலேயை வெளியே எடுத்து, உள்ளீட்டுக்கு வந்த வயரையும் விளக்குக்குப் போகும் வயரையும் ஒரே கனெக்டரில் சேர்த்து, மீதி இரண்டு முனைகளுக்கும் டேப் சுற்றியதும், பழைய டூ வே அப்படியே உயிர்பெற்றுவிட்டது. புதிய ரிலே வந்து சேரும் வரை வீட்டில் யாருக்கும் வித்தியாசமே தெரியவில்லை. எந்த விளம்பரத்திலும் இதை ஒரு சிறப்பாகச் சொல்லி நான் பார்த்ததில்லை.

அன்றாடப் பயனில் குறை சொல்ல மனம் வரவில்லை. பொழுது சாய்ந்ததும் விளக்கு தானாக எரிகிறது, விடிந்ததும் அணைகிறது. வைஃபை இல்லாத நாளிலும் சுவிட்சுகள் வேலை செய்கின்றன. மின்சாரம் திரும்பும்போது முந்தைய நிலைக்கே போகும்படி அமைப்பை மாற்றி வைத்தால் போதும். ஆனால் பழுதுபார்க்க மீண்டும் அந்த இரும்புப் பெட்டியைத் திறந்தபோது பழைய எரிச்சல் திரும்ப வந்துவிட்டது: சுவிட்சின் உடம்பே பாதி ஆழத்தை அடைத்துக்கொள்ள, மிச்ச இடத்தில் ரிலேயையும் ஐந்து வயர்களையும் கனெக்டர்களையும் மடித்துத் திணித்து, மூடியின் ஸ்க்ரூவைப் பிடிக்க வைக்க வேண்டும். பெட்டி இரும்பு என்பதால் வைஃபை சிக்னலும் நொண்டுகிறது.

ஆகவே நண்பருக்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். மேல் பெட்டியில் நியூட்ரல் இல்லையென்றால், படிக்கட்டுக்கு ஆள் நடமாட்டத்தை உணரும் எல்இடி பல்பு ஒன்றை வாங்கி மாட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். புது வீடு கட்டுபவராக இருந்தால் மட்டும், சுவர் பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவிட்ச் பெட்டிக்கும் அதே சர்க்யூட்டின் நியூட்ரலை இழுத்துவிடச் சொல்லுங்கள். பெட்டியும் ஆழமானதாக இருக்கட்டும். இவ்வளவும் சொல்லிவிட்டு, போர்ட்டிகோ விளக்குக்கு நானே இன்னொரு ரிலே வாங்கி வைத்திருக்கிறேன். அந்தப் பெட்டியில் நியூட்ரல் இருக்கிறது. திறந்து பார்த்த பிறகுதான் வாங்கினேன்.