சிப்பிப்பாறையா, பீகிளா, ராஜபாளையமா: வீட்டுக்கு எந்த வேட்டை நாய்?

வேட்டை நாய் வாங்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "தினமும் எவ்வளவு நேரம் ஓட விடணும்?" என்றுதான். நான் பதிலுக்குக் கேட்பது, அந்த நாயின் பாட்டன் பூட்டன் எப்படி வேட்டையாடியது என்று தெரியுமா? கண்ணால் பார்த்து விரட்டியதா, மூக்கால் தடம் பிடித்துப் போனதா, எதிர்த்து நிற்கிற காட்டுப்பன்றியை மடக்கியதா? இனத்தின் சுறுசுறுப்பு உங்கள் வீட்டில் என்ன வேடத்தில் வந்து நிற்கும் என்பது அதில்தான் இருக்கிறது. நம் ஊரில் அதிகம் விசாரிக்கப்படுகிற சிப்பிப்பாறை, பீகிள், ராஜபாளையம் மூன்றையும் அந்தக் கண்ணோடு பார்ப்போம்.

கண்ணால் வேட்டையாடுகிறவன்

சிப்பிப்பாறை என்பது கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் மண்ணின் நாய். மறைவில்லாத வெட்டவெளியில் எழுந்து ஓடுகிற முயலைப் பார்த்த மாத்திரத்தில் பாய்ந்து பிடிக்கவென்று வளர்த்தெடுத்த உடம்பு அது. கறுப்பில் பழுப்புக் குறி உள்ள கன்னி என்கிற நாயைத் தனி இனம் என்பவர்களும் உண்டு, ஒரே இனத்தின் நிறம்தான் என்பவர்களும் உண்டு. வீட்டில் வளர்ப்பவருக்கு இரண்டும் ஏறத்தாழ ஒரே அனுபவம்தான். முயல் வேட்டை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் சட்டம் வந்ததால் நாயின் கண் மாறிவிடவில்லை.

பலருக்கு ஆச்சரியம் தருகிற விஷயம், இது வீட்டுக்குள் எவ்வளவு அமைதியான நாய் என்பது. கொஞ்ச நேரம் உயிரைக் கொடுத்து ஓடும். பிறகு பாயிலோ சோபாவிலோ சுருண்டு பாதி நாள் தூங்கும். தேவையில்லாமல் குரைக்காது. "இவ்வளவு வேகமான நாய், ஃபிளாட்டில் வைத்தால் வீட்டைப் பிரித்துப் போட்டுவிடும்" என்று பயப்படுகிறவர்கள், நன்றாக ஓடி முடித்த சிப்பிப்பாறையை ஒருமுறை பார்க்க வேண்டும்.

சிக்கல் வாசலுக்கு வெளியே இருக்கிறது. தெருவில் ஒரு பூனை குறுக்கே போகட்டும். காது பின்னால் படியும், கழுத்து நீளும், முன்னங்கால் ஒன்று தரையை விட்டு எழும். அந்த நொடியோடு உங்கள் குரல் அதன் காதுக்கு எட்டாது. இன்னொன்று: இதன் தலை குறுகலானது, கழுத்தின் சுற்றளவுக்கும் தலைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சாதாரணக் கழுத்துப்பட்டையைப் போட்டுவிட்டுச் சங்கிலியை இறுக்கிப் பிடித்தால், நாய் பின்வாங்கி ஒரு உதறு உதறினால் போதும், வெறும் பட்டை மட்டும் கையில் தொங்கும். இழுத்தால் இறுகுகிற அகலமான பட்டையோ, நெஞ்சைச் சுற்றிய பெல்ட்டோ கட்டாயம். ஐந்தடி காம்பவுண்டுச் சுவரையும் நம்பாதீர்கள்.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். "நாய்க்குச் சோறே போடலையா?" என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். ஒட்டிய வயிறும் தெரிகிற கடைசி விலா எலும்புகளும் இந்த நாய்க்கு ஆரோக்கியத்தின் அடையாளம். அந்தப் பேச்சுக்காகச் சோற்றைக் கூட்டிக் கொழுக்க வைப்பது அதற்குச் செய்கிற கெடுதல். தோல் மெல்லியது, முள்கம்பியில் பட்டால் சட்டென்று கிழியும். கருத்தடை போன்ற அறுவை சிகிச்சைக்குப் போனால், மயக்க மருந்து பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். கொழுப்பு குறைவான கிரேஹவுண்டு போன்ற நாய்களில் தயோபென்டோன் வகை மருந்து உடலை விட்டு இறங்க நேரமாகும் என்பது தெரிந்த விஷயம். அதே உடல்வாகு கொண்ட சிப்பிப்பாறைக்கும் அந்தக் கவனம் வேண்டும்.

அதட்டல் இதனிடம் எடுபடாது. ஒருமுறை கை ஓங்கிவிட்டால் நாள் முழுக்க ஒதுங்கிப் போகிற ரகம். மெதுவாகப் பேசி, சின்னச் சின்னக் கறித்துண்டு கொடுத்துப் பழக்கினால், வீட்டில் ஒருவரிடம் உயிராக ஒட்டிக்கொள்ளும்.

மூக்கால் வேட்டையாடுகிறவன்

பீகிள் இங்கிலாந்து நாய். கூட்டமாக முயலின் வாசனையைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் போகும், வேட்டைக்காரர்கள் பின்னால் நடந்தே வருவார்கள். இதன் குணங்கள் எல்லாமே இந்த ஒரு காட்சிக்குள் இருக்கின்றன. கூட்டமாக வாழ்ந்ததால் தனிமை ஆகாது. தடம் கிடைத்ததைத் தூரத்தில் இருப்பவருக்குச் சொல்ல வேண்டியிருந்ததால் நீண்ட ஊளைக்குரல். நாள் முழுக்க நடந்து பழகியதால் எளிதில் களைக்காது. மோப்பத்தை முடிவுவரை விடாமல் பிடிப்பதே வேலையாக இருந்ததால், நீங்கள் கூப்பிட்டதும் திரும்பி வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

உயரம் 13 முதல் 16 அங்குலம், எடை பத்துக் கிலோவை ஒட்டி. அதனாலேயே நாய் விற்பவர்கள் "ஃபிளாட்டுக்கு ஏற்ற நாய்" என்று தள்ளிவிடுகிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. கணவனும் மனைவியும் காலை ஒன்பதுக்கு வேலைக்குக் கிளம்பி மாலை ஏழுக்குத் திரும்புகிற வீட்டில், அடைபட்ட பீகிளின் ஊளை நாலு மாடிக்கும் கேட்கும். அது நாயின் குற்றமும் இல்லை. கூட்டத்தில் பிறந்த உயிரைத் தனியாகப் பூட்டிப் போனால் வேறென்ன செய்யும்?

ஆனால் ஆள் இருக்கிற வீட்டில், தாத்தா பாட்டியும் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளும் உள்ள வீட்டில், இதைப்போல இணக்கமான நாய் அரிது. பழகாதவரையும் வாலாட்டி வரவேற்கும். காவலுக்கு உதவாது, அது வேறு விஷயம். அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளின் பெட்டியில் ஒளிந்திருக்கும் பழம், இறைச்சியைக் கண்டுபிடிக்க 1984 முதல் பீகிள்களைப் பயன்படுத்துகிறார்கள். மூக்கின் கூர்மை ஒரு காரணம், கூட்டத்துக்குள் யாரையும் மிரட்டாத சாந்த குணம் இன்னொரு காரணம்.

பீகிளைக் களைக்க வைக்க ஓட்டத்தைவிட மூக்குக்கு வேலை கொடுப்பதுதான் வழி. வாக்கிங்கில் கரண்ட் கம்பத்தின் அடியில் நின்று மோந்துகொண்டே இருந்தால் இழுக்காதீர்கள், நிற்கட்டும். வீட்டில் பழைய துண்டை விரித்து, அவித்த கோழித் துணுக்குகளைத் தூவி, இறுக்கிச் சுருட்டி முடிச்சுப் போட்டுக் கொடுங்கள். மூக்கை நுழைத்து, முன்னங்காலால் மிதித்து, முடிச்சை அவிழ்த்து ஒவ்வொன்றாக எடுத்துத் தின்று முடித்தபின் அது போய்ப் படுக்கிற படுக்கை, நீண்ட நடைக்குப் பிறகு படுக்கிற படுக்கை போலவே இருக்கும்.

சோற்று விஷயத்தில் மட்டும் இரக்கம் காட்டக் கூடாது. எவ்வளவு போட்டாலும் தின்னும், சீக்கிரம் குண்டாகும். மடிந்து தொங்குகிற காதில் நம் கடற்கரை ஊர்களின் புழுக்கத்துக்குச் சீழ் பிடிப்பதும் சாதாரணம், வாரம் ஒருமுறை காதைத் திறந்து பார்க்க வேண்டும். வலிப்பு இந்த இனத்தில் பரம்பரையாக வருவதுண்டு, தாய் தகப்பன் பற்றி விசாரியுங்கள்.

எதிர்த்து நிற்கிறவன்

ராஜபாளையத்தின் பால்வெள்ளை உடம்பையும் இளஞ்சிவப்பு மூக்கையும் பார்த்து மயங்காதவர் இல்லை. 2005இல் இந்திய அஞ்சல் துறை இதற்குத் தபால்தலையே வெளியிட்டது. ஆனால் இது காட்டுப்பன்றிக்கும் தோட்டக் காவலுக்கும் நின்ற நாய். இரண்டடிக்கு மேல் உயரம், அந்நியரைக் கண்டால் யோசிக்காத சுபாவம். கியாஸ் சிலிண்டர்காரர், பால்காரர், பிள்ளைகளின் நண்பர்கள் என்று ஆள் வந்து போகிற வீட்டில், முதல்முறை நாய் வளர்ப்பவர் இதை வாங்குவதை நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். இடமும் அனுபவமும் இருந்தால் இதைப் போன்ற காவல் கிடையாது.

வெள்ளை நிறத்தோடு சேர்ந்து வருகிற செவிட்டுத்தன்மை இந்த இனத்தின் பெரிய குறை. குட்டி பார்க்கப் போகும்போது, அது வேறு பக்கம் பார்த்திருக்கையில் பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். மற்ற குட்டிகள் திரும்பி, ஒன்று மட்டும் திரும்பாவிட்டால் கவனியுங்கள். அதையே தனியாக எடுத்து வைத்து இன்னொருமுறை பாருங்கள், ஏனென்றால் செவிட்டுக் குட்டி உடன்பிறந்தவை திரும்புவதைப் பார்த்துத் தானும் திரும்பிவிடும்.

தேனி மாவட்டத்துக் கோம்பை நாயும் இதே வழிதான். செம்பழுப்பு உடம்பு, கரிய முகம், உருவத்தில் சிறியது, துணிச்சலில் குறைவில்லை. தோட்ட வீட்டுக்குப் பொருந்தும், மாடி வீட்டுக்கு இல்லை.

அப்படியானால் யாருக்கு எது?

வீட்டில் எப்போதும் ஆள் உண்டு, நாயை அவிழ்த்து விட இடம் இல்லை என்றால் பீகிள். பகலில் சில மணி நேரம் நாய் தனியாக இருக்கும், ஆனால் விடியற்காலையில் சுற்றுச்சுவர் உள்ள மைதானமோ தோட்டமோ பக்கத்தில் கிடைக்கும் என்றால் சிப்பிப்பாறை. மைதானம் கிடைக்காத நாளில் மூங்கில் கழியின் நுனியில் கயிறும் துணியும் கட்டி, மொட்டைமாடி கைப்பிடிச்சுவர் உயரமாக இருந்தால் அங்கேயே சுழற்றி விரட்ட வைக்கலாம். ஒரு வயது ஆகும்வரை கடும் ஓட்டமும் சிமென்ட் தரையில் திடீர்த் திருப்பங்களும் வேண்டாம், மூட்டு கெடும்.

வெயிலை நம் நாட்டு நாய்கள் நன்றாகத் தாங்கும், பீகிள் அவ்வளவு தாங்காது. ஆனால் சித்திரை மாதத் தார்ச்சாலை எந்த நாயின் பாதத்தையும் பொசுக்கும். புறங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். வைக்க முடியாவிட்டால் நாயையும் இறக்காதீர்கள். உண்ணிக் காய்ச்சலுக்கும் இனபேதம் கிடையாது. குட்டையான முடி இருப்பதால் சிப்பிப்பாறையின் உடம்பில் உண்ணியைத் தடவியே கண்டுபிடித்துவிடலாம், பீகிளின் காது மடிப்புக்குள்ளும் விரலிடுக்கிலும் தேட வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை நாட்டு நாய்க்கே சாதகம். கரிசல் கிராமங்களில் சிப்பிப்பாறை கூழிலேயே வளர்ந்தது உண்மைதான். ஆனால் கூழ் மட்டும் போதும் என்று இன்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள், முட்டையும் கறியும் சேர்ந்தால்தான் அந்தத் தசை நிற்கும்.

எதை வாங்கினாலும் எட்டு வாரம் ஆகாத குட்டியை வாங்காதீர்கள். 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகள் அதை விற்கவே தடை செய்கின்றன. தாய் நாயை நேரில் காட்ட மறுக்கிறவரிடம் பேரம் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். காட்டினால், குட்டியை அப்புறம் பாருங்கள். அந்நியரான உங்களைக் கண்டு தாய் எப்படி நடந்துகொள்கிறது, வளர்ப்பவர் கை நீட்டும்போது பதுங்குகிறதா, வாலாட்டி வருகிறதா என்பதை முதலில் பாருங்கள்.