சிம்னிக்குள்ள ஸ்டீல் லைனர் போட்டது, ஒரு சீசன் எரிச்சு பாத்துட்டு எழுதறேன்

முதல்லயே சொல்லிடறேன், லைனருக்கு (புகை போக சிம்னிக்குள்ள இறக்கற குழாய்) 5க்கு 5, போட வந்த டீமுக்கு 3 தான், அதுவும் கொஞ்சம் தாராளமா.

பழைய ஃபயர்பிளேஸ்ல வுட் ஸ்டவ் வெச்சப்போ அதோட பைப்பை சிம்னிக்குள்ள ரெண்டு அடி சொருகி விட்டதோட சரி, வேற ஒண்ணும் பண்ணல. கதவை திறந்தா புகை மூஞ்சில அடிக்கும், தினமும் காலைல கண்ணாடி கரியா இருக்கும், ஸ்டவ்தான் மட்டம்னு திட்டிட்டு இருந்தேன். கிளீன் பண்ண வந்தவர் டார்ச் அடிச்சு காட்டினார், உள்ள சுவர் பூரா தார் ரோடு போட்ட மாதிரி பளபளன்னு கிரியோசோட், அதாவது விறகுப் புகை ஆறி சுவர்ல படியற தார். ஓப்பன் ஃபயர்பிளேஸ்ல ரூம் காத்தும் சேர்ந்து மேல போகும், அதுக்குதான் அவ்ளோ பெரிய சிம்னி, ஸ்டவ்ல வர்ற புகை கம்மி, சூடும் கம்மி. என் சிம்னி உள்ள 12க்கு 12 இன்ச், அதாவது 144 சதுர இன்ச், ஸ்டவ்வுல புகை வெளிய போற வாய் 6 இன்ச் வட்டம், கணக்கு போட்டா 28தான் வருது. அஞ்சு மடங்கு இடம் கிடைச்சதும் புகை சோம்பேறியாகி ஆறிப்போய் சுவர்ல ஒட்டிக்குது. அந்த கிரியோசோட் தீப்பிடிச்சா 1000 டிகிரி செல்சியஸ் கூட தாண்டும்னார், அன்னிக்கே ஸ்டவ்வை நிறுத்திட்டேன்.

வாங்கினது 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஃபிளெக்சிபிள் லைனர், ஸ்டவ் வாய் என்ன சைஸோ அதே 6 இன்ச். டீம் வந்ததும் முதல் சண்டையே இன்சுலேஷனுக்குதான். "ஸ்டீல்தானே, சும்மா விட்டாலே போதும்"னாங்க. என் சிம்னி வெளிச்சுவர்ல இருக்கு, மூணு பக்கமும் குளிர் காத்து அடிக்குது, வெறும் ஸ்டீலும் ஆறத்தானே செய்யும்? அடம் புடிச்சு அரை இன்ச் செராமிக் கம்பளம் சுத்தி மேல கம்பி வலை போட வெச்சேன். அதனால லைனர் தடிமனாகி நடு வளைவுல சிக்கிடுச்சு, மேல ரெண்டு பேர் தள்ள, கீழ ஒருத்தர் கயிறு கட்டி இழுக்க, வலை கிழிஞ்சு வெளிய எடுத்து மறுபடி சுத்தி, அரை நாள் வேலை ஒன்றரை நாள் ஆச்சு. டேம்பர் (ஃபயர்பிளேஸ் புகை வழியை திறந்து மூடற தகடு) இரும்பு சட்டத்தை வேற கிரைண்டர் வெச்சு அறுத்தாங்க, அந்த தூசி இன்னும் சோபாவுல இருக்கு, மூடி வெக்க சொல்லி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பழைய தாரை சுரண்டி எடுத்துட்டுதான் லைனரை இறக்கினாங்க, அந்த விஷயத்துல குறை சொல்ல மாட்டேன்.

லைனர் மேல ஒரு அம்புக்குறி இருக்கும், புகை போற திசையை காட்டறது, தலைகீழா இறக்கிட்டா உள்ள இருக்கற மடிப்பு விளிம்புல கரி தங்கும். நீங்க போடறதா இருந்தா இறக்கறதுக்கு முன்னாடி நீங்களே ஒரு தடவை பாத்துடுங்க.

எனக்கு கோவம் வந்தது பிளாக் ஆஃப் பிளேட்டுக்குதான். டேம்பர் இருந்த ஓட்டையை தகடு வெச்சு அடைக்கணும், இல்லேன்னா ஸ்டவ் சூடு பூரா லைனரை சுத்தி சிம்னிக்குள்ளயே ஏறிடும். அவங்க கொஞ்சம் ராக் வூலை (சூடு தாங்கற கல் பஞ்சு) திணிச்சுட்டு கிளம்பிட்டாங்க, ஒரு மாசத்துல அது கீழ விழுந்துச்சு. அட்டையில அளவு வெட்டி பாத்து நானே தகடு அடிச்சு போட்டேன், அன்னிக்கு ராத்திரிதான் பக்கத்து ரூம் வரைக்கும் முதல் தடவையா சூடு வந்துச்சு.

இப்போ ரெண்டு பேப்பர் கொளுத்தினாலே புகையை சர்ருன்னு இழுக்குது. சீசன் முடிஞ்சு பிரஷ் விட்டப்போ காப்பிப்பொடி கலர்ல ரெண்டு கைப்பிடி உதிரி தூள்தான் வந்துச்சு, பளபளப்பு எங்கயும் இல்ல. விறகையும் மீட்டர் வெச்சு ஈரம் 20 சதவீதத்துக்கு கீழ இருந்தாதான் போடறேன், பச்சை விறகை எரிச்சா எந்த லைனர் போட்டும் புண்ணியமில்ல.

சிம்னி உச்சில மாட்டின மூடி, அந்த கேப் மட்டும் காத்தடிச்சா லொடலொடங்குது, டீமுக்கு ரெண்டு தடவை போன் பண்ணிட்டேன், "இந்த வாரம் வரோம் சார்"ங்கறாங்க.